மூன்றாவது பொருள்

எங்கள் வீட்டுக்குள் கோதுமை வருவதில்லை. ரொட்டி, ரவை, மைதா, பிஸ்கட் எதுவும் வராது. அக்காவின் மகளுக்கு அது ஆகாது. அவளை நாங்கள் நண்டு என்று கூப்பிடுவோம். இரண்டு வயதில் யாரோ கொடுத்த பிஸ்கட்டின் ஓரத்தைக் கடித்தாள். கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அன்றிலிருந்து கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பை தொங்குகிறது. உள்ளே, அப்படி மூச்சு அடைத்தால் உடனே போட வேண்டிய இரண்டு ஊசிகள். தொடையில் வைத்து அழுத்திப் பத்து எண்ண வேண்டும்.

அந்த வீட்டிலிருந்து நான் பேக்கரிக்கு வேலைக்குப் போனேன்.

"உனக்கு வேற வேலையே கிடைக்கலையாடி?" என்றாள் அக்கா.

கிடைக்கவில்லை. வேதியியல் படித்துவிட்டு ஒன்றரை வருடம் சும்மா இருந்தேன். நேர்முகத் தேர்வுகளில் என் குரல் மேசையைத் தாண்டாது. பேக்கரி முதலாளியம்மா மட்டும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மாவு பேசாதும்மா. நீயும் பேச வேணாம். சரக்கு சரியா இருக்கான்னு பாத்தாப் போதும்" என்றார்.

அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். பேக்கரியில் போட்ட துணியோடு வீட்டுப் படி ஏறக்கூடாது. நானும் அப்படியே செய்தேன். வேலை உடையும் செருப்பும் அங்கேயே கிடக்கும். பின்பக்கக் குளியலறையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, வேறு உடை மாற்றித்தான் கிளம்புவேன். இத்தனை சுத்தமாக ஒருத்தி வீட்டுக்குப் போவதைப் பார்த்து, பொட்டலம் கட்டும் மேசையில் இருந்த அக்காமார்கள் எனக்கு ஏதோ காதல் விவகாரம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் பேச வேண்டியிருக்கும். நண்டைப் பற்றி அங்கே யாரிடமும் நான் சொன்னதில்லை.

அந்த அடுப்பங்கரையில் எந்த டின்னும் தன் பெயரைச் சொல்லாது. பெயின்ட் வாளியில் சர்க்கரை. பிஸ்கட் டின்னில் உப்பு. மூன்று நீலப் பீப்பாய்களில் மூன்று மாவு, மூன்றும் வெள்ளை. அங்கே எல்லாவற்றையும் பிசைந்து சுடுகிற மாஸ்டர் கையை விட்டு ஒரு பிடி பிடிப்பார். பிடித்தபடியே கட்டியாக நின்றால் கேக்குக்கான மென்மாவு. விரலிடுக்கில் மணல் மாதிரி உதிர்ந்தால் ரொட்டிக்கான கெட்டி மாவு. இரண்டுக்கும் நடுவில் நிற்பது பிஸ்கட்டுக்கு. ஒருநாளும் அவர் கை தவறிப் பார்த்ததில்லை.

எனக்கு அது போதவில்லை. ஒவ்வொரு மாவிலும் ஒரு உருண்டை பிசைந்து, குழாயடியில் பிடித்து, வெள்ளைத் தண்ணீர் நிற்கும்வரை அலசினேன். மாவுச்சத்தெல்லாம் ஓடிப் போனபின் கையில் ரப்பர் மாதிரி ஒன்று மிஞ்சும். அதுதான் கோதுமையின் புரதம். ரொட்டி மாவில் எலுமிச்சை அளவு வந்தது. கேக் மாவில் சுண்டைக்காய் அளவு. ரொட்டி எழும்பி நிற்பதும் அதனால்தான், நண்டின் தொண்டை அடைப்பதும் அதனால்தான். நான் அதை விரலில் இழுத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்ன டெஸ்ட் டியூப், சூயிங்கம் கம்பெனி ஆரம்பிக்கப் போறியா?" என்றார் மாஸ்டர். அவர்தான் எனக்கு அந்தப் பெயரை வைத்தவர்.

முதல் மாதத்திலேயே எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி ஒட்டிவிட்டேன். மாவுகள் மூன்றுக்கும் புரத அளவோடு. குளிர்பெட்டியில் இருந்த ஈஸ்ட்டுக்கு வந்த தேதியோடு. அது உயிருள்ளது, வயதாகும். சமையல் சோடாவுக்கு "புளிப்பு சேர்த்தால் மட்டும்" என்று. பிஸ்கட்டுக்குப் போடும் அமோனியாவுக்குச் சிவப்பு மையில். திறந்ததும் மூக்கில் அறையும், கேக்கில் போட்டால் அந்த நாற்றம் உள்ளேயே தங்கிவிடும். மாஸ்டர் ஒவ்வொரு பேப்பரையும் படித்துவிட்டு, "என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடு. வீட்டுக்காரிக்கு அடையாளம் தெரியும்" என்றார்.

பேக்கிங் பவுடர் டப்பாவுக்கு மட்டும் நான் எதுவும் ஒட்டவில்லை. அது பெரிய தகர டப்பா. கம்பெனிக்காரன் அச்சடித்த தாளே அதில் இருந்தது. சோடா, அமில உப்பு, சோள மாவு. மூன்றே பொருள். சோடாவும் அமிலமும் ஈரத்தில் சேர்ந்து நுரைக்கும். மூன்றாவது பொருள் அவை டப்பாவுக்குள்ளேயே நுரைத்துவிடாமல் நடுவில் நின்று ஈரத்தை வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை.

நண்டுக்கு ஆறாவது பிறந்தநாள் வந்தது. அவள் இதுவரை கேக் வெட்டியதில்லை. மற்ற பிள்ளைகள் வெட்டும்போது தூரத்தில் நின்று கை தட்டியிருக்கிறாள். நான் செய்து தருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அரிசி மாவு வீட்டிலேயே அரைத்தது. முட்டை, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் வீட்டில் இருப்பவை. சின்ன ஓவன் ஒன்று புதிதாக வாங்கினோம். பேக்கிங் பவுடர் மட்டும் வேண்டும். கடைகளில் தேடினேன். சின்னப் பொட்டலங்களில் "மாவுச்சத்து" என்று மட்டும் போட்டிருந்தது. எந்த மாவின் சத்து என்று இல்லை. வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

"மாஸ்டர், அந்த டப்பாவுலேருந்து கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோயேன். இதுக்கு மனு வேற போடுவியா? எதுக்கு?"

"வீட்டுக்கு."

"ஓஹோ, வீட்டுக்கு" என்று பொட்டலம் கட்டும் மேசையைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் முகம் சிவந்து நகர்ந்துவிட்டேன்.

சோப்பு போட்டுக் கழுவி, தண்ணீரில் கொதிக்க வைத்த கண்ணாடிக் குப்பியில் மூன்று தேக்கரண்டி எடுத்தேன். குப்பியின் வெளிப்புறத்தை மறுபடி கழுவினேன். வீட்டில் ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டுப் பார்த்தேன். பொங்கியது. நல்ல பவுடர்.

"என்னடி இது?" என்றாள் அக்கா.

"பேக்கிங் பவுடர்க்கா. மூணே பொருள்தான். எதுலயும் கோதுமை இல்ல."

"நிச்சயமா?"

"படிச்சுப் பாத்துட்டேன்க்கா. நிச்சயமா."

பிறந்தநாளன்று விடியற்காலையில் கேக் வெந்தது. இரண்டு தேக்கரண்டி பவுடர் போட்டிருந்தேன். அரிசி மாவுக்கு அவ்வளவு அழகாக எழும்பும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அக்கா மேலே வெண்ணெய் கிரீம் பூசினாள். மாமா பேருந்து ஓட்டுநர். டூட்டி முடிந்து நான்கு மணிக்கு வருவார், வந்ததும் வெட்டலாம் என்று பேச்சு. நான் மூன்று மணிக்குத் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

இரண்டு மணி இருக்கும். மாஸ்டர் அந்தத் தகர டப்பாவைக் கவிழ்த்து, அடியில் இருந்ததைத் தட்டிக் கொட்டினார். காலி. நான் சேர்ந்தபின் அது காலியானது அதுதான் முதல் தடவை. புது டப்பா எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பெரிய சல்லடையை எடுத்து, கீழே காகிதம் விரித்தார். சோடா ஒரு கரண்டி. அமில உப்பு இரண்டு கரண்டி. அப்புறம் திரும்பி, என் கையெழுத்தில் "மென்மாவு" என்று எழுதி ஒட்டியிருந்த நீலப் பீப்பாயிலிருந்து ஒரு கரண்டி அள்ளினார்.

"மாஸ்டர், என்ன செய்றீங்க?"

"பவுடர் கலக்குறேன்."

"அது மைதா."

"ஆமா, மைதாதான்." சலிக்க ஆரம்பித்தார். "கம்பெனிக்காரன் சோள மாவு போடுவான். நம்ம ஊர் ஈரத்துக்கு மைதாதான் சரி. எட்டு வருஷமா இதான் ஓடுது. கம்பெனிப் பவுடர்ல வருமா இந்த எழுப்பம்?"

"எட்டு வருஷமா?"

"டப்பா மட்டும்தான் அவனுது. நல்ல தகரம், மூடி இறுக்கமா இருக்கு. தூக்கிப் போட மனசு வரல."

எனக்குள் கணக்கு ஓடியது. நான்கு பங்கில் ஒரு பங்கு மாவு. இரண்டு தேக்கரண்டி என்றால் எட்டு கிராம் பவுடர். அதில் இரண்டு கிராம் மைதா. அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு புரதம். இருநூறு மில்லிகிராம். டாக்டர் பிஸ்கட் துணுக்கைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. ஐந்தாறு மில்லிகிராமே போதும் என்றிருந்தார்.

"என்னம்மா ஆச்சு? ஏன் இப்படி நிக்கிற?"

"அக்கா பொண்ணுக்குக் கோதுமை ஆகாது. செத்துப் போயிருவா. அந்தப் பவுடர்ல கேக் செஞ்சிருக்கேன்."

இவ்வளவு நீளமாக நான் அங்கே பேசியது அதுதான் முதல் தடவை. மாஸ்டர் கையிலிருந்த சல்லடை காகிதத்தின் மேல் கவிழ்ந்தது. "வீட்டுக்குன்னுதானே சொன்ன" என்றார்.

அக்காவுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்து நின்றது. மறுபடி அடித்தேன். நடந்துகொண்டே, பிறகு ஓடிக்கொண்டே. தெருவுக்கு வந்தபோது யாரோ எடுத்தார்கள்.

"சித்தி." மிக மெல்லிய குரல்.

"நண்டு! அம்மாகிட்ட போனைக் குடு."

"அம்மா குளிக்கிறாங்க."

"கதவைத் தட்டு. சித்தி உடனே பேசணும்னு சொல்லு."

"மாட்டேன். அம்மா திட்டுவாங்க."

"ஏன் திட்டுவாங்க?"

மூச்சு மட்டும் கேட்டது.

"நண்டு, கேக்கைத் தொட்டியா?"

"கிரீம் மட்டும்தான்."

எனக்கு உயிர் வந்தது. கிரீமில் பவுடர் கிடையாது. "கிரீம் மட்டும்தானே? வெள்ளையா இருந்தது மட்டும்தானே?"

"ம். அப்புறம் விரல் உள்ள போயிருச்சு."

"உள்ளன்னா?"

"குழி விழுந்துருச்சு சித்தி. மஞ்சளா வந்துச்சு. நல்லா இருந்துச்சு."

சாலையின் நடுவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த வண்டி ஒலி எழுப்பியது. ஓட்டியவர் என்னவோ திட்டினார்.

"எப்ப சாப்பிட்ட? இப்பவா? ரொம்ப நேரம் முன்னாடியா?"

"அம்மா குளிக்கப் போனப்ப."

"இப்ப எங்க இருக்க?"

"கட்டிலுக்கு அடியில."

"நண்டு, வெளிய வா. சித்தி உன்னைத் திட்ட மாட்டேன். அம்மாவும் திட்ட மாட்டா. கேக்கு உனக்குத்தானே செஞ்சது? வெளிய வந்து கதவை ஒரே ஒரு தட்டு தட்டு."

"அம்மா தலைக்குக் குளிச்சா ரொம்ப நேரம் ஆகும்." இருமினாள். "சித்தி, நாக்கு அரிக்குது."

அதற்கு மேல் பேச்சு இல்லை. இருமல், ஏதோ தரையில் உரசும் சத்தம், அப்புறம் அதுவும் இல்லை. போனைக் காதில் வைத்தபடியே ஓடினேன். பேக்கரிக்கும் வீட்டுக்கும் நடந்தால் பன்னிரண்டு நிமிடம். எத்தனை நிமிடத்தில் போனேன் என்று தெரியாது. செருப்பில் ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது.

வாசல் கதவு திறந்திருந்தது. திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு படி ஏறிவிட்டேன். திரையை விலக்கக் கை நீட்டியபோதுதான் கையைப் பார்த்தேன். முழங்கை வரை வெள்ளை. உடையெல்லாம் மாவு. தலையிலும் இருக்கும். நாள் முழுக்கச் சலித்த மாவு.

உள்ளே குழந்தைக்கு ஏற்கெனவே மூச்சு அடைக்கிறது. நான் போய்த் தூக்கினால் இதையும் அவள் இழுப்பாள்.

படியிறங்கினேன். தெருவில் நின்று கத்தினேன்.

"அக்கா!"

என் குரல் எனக்கே தெரியவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

"அக்கா! கேக்குல மைதா இருக்கு! அக்கா!"

தலையில் துண்டு சுற்றியபடி அக்கா திரையை விலக்கினாள். "எதுக்குடி தெருவுல நின்னு இப்படிக் கத்துற? உள்ள வா."

"நான் வரக்கூடாது. நண்டு கட்டிலுக்கு அடியில இருக்கா. கேக்கைத் தின்னுட்டா. கேக்குல மைதா."

"என்ன உளர்ற? நீதானே செஞ்ச?"

"நான்தான். ஊசியை எடு. அக்கா, ஊசியை எடு!"

அவள் கதவுக்குப் பின்னால் தொங்கிய துணிப்பையைப் பிடுங்கினாள். உள்ளே ஓடினாள். நான் சுவரோரமாகப் போய், ஜன்னல் கம்பிக்கு வெளியே இரண்டடி தள்ளி நின்றேன். அக்கா மண்டியிட்டுக் காலைப் பிடித்து இழுத்தாள். நண்டின் கண்கள் இடுங்கியிருந்தன. உதடு இரண்டு மடங்காகியிருந்தது. மார்பு ஏறி இறங்கும்போதெல்லாம் விசில் மாதிரி ஒரு சத்தம். பிறந்தநாள் கவுனோடு சேர்த்துத் தொடையில் வைத்து அக்கா அழுத்தினாள்.

"எண்ணுக்கா" என்றேன்.

அவள் உதடு அசைந்தது. எண் வரவில்லை. நான் வெளியிலிருந்து உரக்க எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஏழு, எட்டு. பத்து வரை எண்ணிவிட்டு, அதற்கப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தேன்.

ஆசிரியை காரை எடுத்தார். அக்கா குழந்தையோடு பின்னால் ஏறினாள். இன்னொரு ஊசி அவள் கையில் இருந்தது. என்னைத் தாண்டிப் போகும்போது ஒதுங்கி, நண்டின் முகத்தைத் தன் தோளில் மறைத்துக்கொண்டு போனாள்.

கார் போனபின் வாசல் குழாயைத் திறந்து உடையோடு உட்கார்ந்தேன். தலையில் ஊற்ற ஊற்ற மாவு பசையாகி முடியில் ஒட்டியது. தேய்த்தால் திரிதிரியாக உருண்டது. யாரோ ஒரு பெண் வந்து சோப்பு நீட்டினார். இன்னொருவர் தன் உடையைக் கொண்டுவந்து கொடுத்து, போர்வையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார். தெருவில் வைத்து உடை மாற்றினேன். வேறு நாளாக இருந்தால் அதற்கே நான் செத்திருப்பேன்.

மருத்துவமனைக்கு நடந்தே போனேன். அக்கா தாழ்வாரத்து நாற்காலியில் இருந்தாள். ஈர முடியிலிருந்து முதுகில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் குளித்து வந்தவள் அவள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"ரெண்டாவது ஊசியும் போட்டாங்க" என்றாள். "இப்ப மூச்சு விடுறா. நாளைக்கு வரைக்கும் இங்கயே வெச்சிருக்கணுமாம்."

அவளிடமிருந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன்.

"டாக்டர் என்ன சாப்பிட்டான்னு கேட்டாரு. எங்க வீட்டுல கோதுமையே கிடையாதுன்னு சொன்னேன். நம்பல. எல்லா அம்மாவும் இதைத்தான் சொல்றாங்களாம்." என்னைப் பார்க்காமலே பேசினாள். "நீயே போய்ச் சொல்லு. எனக்கு ஒண்ணும் புரியல. எனக்கே நீ இன்னும் சொல்லல."

டாக்டர் வந்தார். பின்னால் இரண்டு நர்ஸுகள், மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அக்காவைப் பார்த்துச் சொன்னேன். டப்பாவை, அச்சடித்த தாளை, எட்டு வருடத்தை, எட்டு கிராமை. விரல் குழி எவ்வளவு ஆழம் இருக்கும் என்பதைக்கூடச் சொன்னேன். ஒருவன் குறிப்பெடுத்தான்.

"பவுடரை நீங்க சோதிச்சுப் பாக்கலையா? சயின்ஸ் படிச்சவங்கன்னு சொல்றீங்க" என்றார் டாக்டர்.

"சோதிச்சேன். நுரைக்குதான்னு பாத்தேன். நல்லா நுரைச்சுது."

"மாவுக்கு?"

"அயோடின் விட்டாலும் நீலம்தான் வந்திருக்கும் டாக்டர். சோளத்துக்கும் நீலம், மைதாவுக்கும் நீலம். வாயைத் திறந்து மாஸ்டரை ஒரு வார்த்தை கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும். கேக்கல."

அவர்கள் போன பிறகு அக்கா எழுந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"நிச்சயமான்னு கேட்டேனே உன்கிட்ட" என்றாள்.

"ஆமாக்கா."

"நீ சொன்னதால நான் வேற யாரையும் கேக்கல. நீ ஒரு டப்பாவைப் பாத்த. நான் உன்னைப் பாத்தேன்."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நண்டு படுத்திருந்தாள். மூக்கில் குழாய். வீக்கம் வடிந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்து எங்கள் பக்கம் திரும்பினாள். அக்கா கதவில் கை வைத்துவிட்டு நின்றாள். என் முடியில் கை விட்டு, காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒரு சின்ன மாவுக் கட்டியை நகத்தால் சுரண்டி எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னும் இருக்கு" என்றாள். "போ. இன்னொரு தடவை தலைக்கு ஊத்திக்கிட்டு வா."

கதவைத் திறந்து அவள் மட்டும் உள்ளே போனாள். நான் குளியலறை எங்கே என்று நர்ஸிடம் கேட்கப் போனேன்.